மூன்றரை அங்குலக் கண்

தங்கூசி என்கிற நைலோன் வலையை வெட்டுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை வெட்டிப் பார்க்க வேண்டும். நூல் தலைமயிர் தடிப்பில்தான் இருக்கும். ஆனால் ஈரத்தோடு கத்திக்கு வழுக்கும். யாராவது மறுமுனையை இழுத்துப் பிடித்தால்தான் அறுபடும். அன்று காலை எனக்கு இழுத்துப் பிடிக்க ஒருவரும் முன்வரவில்லை.

குளக்கட்டில் எங்கள் நன்னீர் மீனவர் சங்கத்தின் ஓலைக் கொட்டில் இருந்தது. அதற்கு முன்னால் முப்பது பேர் வரை நின்றார்கள். நான் நிலத்தில் குந்தி, வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலால் மிதித்துக்கொண்டு, வீட்டில் மீன் வெட்டும் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தேன். வலையில் சிக்கியிருந்த பாசி வெயிலில் காயத் தொடங்கி மணத்தது.

வலை என் தம்பி குணத்தினுடையது. அவன் பத்தடி தள்ளி நின்றான்.

"அக்கா, உங்கட காப்பைக் குடுத்து வாங்கின வலை அது."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ வெட்டுறியள்?"

நான் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் வெட்டி முடித்திருக்க மாட்டேன்.

முதலில் பன்னிரண்டு தோணி

இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிளிநொச்சிக்குக் கிழக்கே குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்றவர். குடும்பத்துக்கு வயல்தான் தொழில். என் கணவர் ஒருவர்தான் குளத்தில் தோணி விட்டார். வயல்காரர் வீட்டில் வலை காய்வதைப் பார்த்து உறவினர் முகம் சுளித்தார்கள். கறியாக வந்தபோது சுளிக்கவில்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அவர் காய்ச்சலில் போய்விட்டார். தோணி என் பெயருக்கு வந்தது. குணம் அதை விட்டான். பிடிபடுவதில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு.

கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுதுவினைஞராக இருந்தவள் என்பதால் மீனவர் சங்கத்தின் செயலாளர் வேலையும் என் தலையில் விழுந்தது. ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் ஒரே பெண்ணாக இருப்பதைப் பற்றி இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் போதிய அளவு குறைப்பட்டுவிட்டேன். இன்று அதை விடுவோம்.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று சமாதான காலம் தொடங்கியபோது எங்கள் குளத்தில் பன்னிரண்டு தோணிகள் இருந்தன. பிடிப்பது பெரும்பாலும் யப்பான் மீன். திலாப்பியாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். யப்பானுக்கும் அந்த மீனுக்கும் என்ன உறவு என்று இன்றுவரை எவராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை.

வவுனியாவுக்கான பாதை திறந்தது. இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்தது. வந்தவர்களுக்கு உடனே செய்யக்கூடிய வேலை குளம்தான். வயலுக்குக் காணி வேண்டும், விதைநெல் வேண்டும், நாலு மாதப் பொறுமை வேண்டும். குளத்துக்கு ஒரு தோணியும் ஒரு வலையும் போதும். இரண்டு வருடத்துக்குள் பன்னிரண்டு தோணி முப்பதாகிவிட்டது.

ஒவ்வொரு தோணிக்கும் மீன் குறைந்தது. குறைந்ததை ஈடுகட்ட ஆட்கள் இன்னும் சின்னக் கண் வலை வாங்கினார்கள். மீன் சிறுத்தது, அதோடு வலைக் கண்ணும் சிறுத்தது, கண் சிறுக்க மீன் இன்னும் சிறுத்தது. கடைசியில் ஒரு கிலோ நிறுக்கப் பத்து மீன் போட வேண்டியிருந்தது. குணமும் அப்போதுதான் ஒன்றரை அங்குலக் கண் வலை கேட்டான். என் காப்பைக் கழற்றிக் கொடுத்தது நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ பிறவியிலேயே ஞானி என்று யாராவது நினைத்துவிடுவார்கள்.

ஹனீபா நானா சொன்னது

எங்கள் மீனை வாங்கியவர் ஹனீபா நானா. தண்ணீரூற்றில் பிறந்தவர். தொண்ணூறில் முஸ்லிம் சனம் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தபோது வெறுங்கையோடு புத்தளம் போய், பன்னிரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு, சமாதானத்தோடு திரும்பி வந்து, உடைந்த வீட்டின் முன்னறைக்கு மட்டும் கூரை போட்டுக்கொண்டு வியாபாரம் தொடங்கியவர். சின்ன லொறியில் றெஜிபோம் பெட்டிகளோடு வருவார். எங்கள் மீனை ஐஸ் போட்டு அடுக்கி வவுனியா சந்தைக்குக் கொண்டுபோவார்.

வழியில் ஓமந்தைச் சோதனைச்சாவடி இருந்தது. அங்கே ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி, திறந்து காட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். வரிசை நீண்டால் ஐஸ் தண்ணீராகிவிடும்.

ஒருநாள் அவர் எங்கள் கூடையைக் கையால் கிளறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தங்கச்சி, இது மீனில்ல. மீன்ட பிள்ளை. ஓமந்தையில இறக்கி ஏத்த முதல் வயிறு வெடிச்சிடும். நாளையில இருந்து இந்தச் சைஸ் எனக்கு வேணாம்."

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது, நானா?"

"பெரிசாப் பிடிங்க."

"பெரிசு இல்லையே."

"அத நீங்கதான் யோசிக்கணும். நான் யாவாரி. குளம் உங்கட."

அன்று விலைபோகாத மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி ஒவ்வொன்றாக வெட்டினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டை மீன். செதிள் சுரண்டி, செவுளைப் பிடித்து வாயைப் பிளந்தபோது உள்ளேயிருந்து குஞ்சுகள் கொட்டின. எள்ளுக்குக் கண் வைத்த மாதிரி, நூறு இருக்கும், கூடவும் இருக்கும். தாய்மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண்டது அன்றுதான். பலகையில் கிடந்து சில துடித்தன. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து அள்ளிப் போட்டேன். ஒன்றும் பிழைக்கவில்லை.

ஒரு கறிக்காக எத்தனை கறியை வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எண்ணத் தொடங்கியது அந்தப் பலகைக்கு முன்னால்தான். அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு தீர்மானத்தோடு போனேன்.

மீனுக்கு வேலியா?

சங்கத் தலைவர் செல்வரத்தினம் அண்ணை. ஐம்பது வயது, குளத்தின் மறுகரைக்குக் கேட்கும் குரல், மூன்று தோணி. நான் கேட்டது இரண்டு விஷயம். ஒன்று, மூன்றரை அங்குலத்துக்குச் சின்னக் கண் உள்ள வலையைக் குளத்தில் போடக்கூடாது. மற்றது, குளத்தின் கிழக்கு மூலையை ஆனி மாதம் வரை மூடிவிடுவது. அந்த மூலையில் தண்ணீர் ஆழமில்லை. தெளிந்த நாளில் பார்த்தால் அடிச்சேற்றில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். யப்பான் மீன் முட்டையிடக் கிண்டிய குழிகள்.

"மீன் என்ன வேலி பாத்தே நீந்துது, தங்கச்சி?" என்றார் அண்ணை. ஆட்கள் சிரித்தார்கள். "இண்டைக்கு நான் விடுற மீன் நாளைக்கு இன்னொருத்தன்ர சட்டிக்க கிடக்கும். பிறகேன் நான் விடவேணும்?"

"ஒருத்தர் விட்டால் சரிவராது, அண்ணை. நீங்கள் சொல்லுறது சரி. எல்லாரும் ஒரே நாளில விடவேணும்."

"விட்டு?"

"பத்து மீன் ஒரு கிலோ நிக்கிது இப்ப. ஆறு மாதம் விட்டால் ரெண்டு மீன் ஒரு கிலோ நிக்கும். நாங்கள் தீனி போடத் தேவையில்லை, காவல் நிண்டு நீர் பாய்ச்சத் தேவையில்லை. கையை வைக்காமல் இருக்கிறதுதான் வேலை."

நீண்ட நேரம் கதை போனது. கடைசியில் கை உயர்த்தச் சொன்னபோது என் பக்கம் நாலைந்து கைகள் கூடுதலாக இருந்தன. என் பேச்சுத் திறமை என்று நான் அன்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் கிழக்கு மூலையில் தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நின்றன. வலை போட்டால் கிழியும். யாருக்கும் அவ்வளவு பிரியமில்லாத இடத்தைத்தான் விட்டுக்கொடுத்தார்கள்.

மீறினால் என்ன தண்டனை என்று கேள்வி வந்தது. எல்லோருக்கும் முன்னால் வலையை வெட்டுவது என்றார் ஒருவர்.

"சரி," என்றார் செல்வரத்தினம் அண்ணை. "ஆனால் வெட்டுறது செயலாளர்தான். அவாதானே கேட்டவா."

மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு அதை எழுதினேன். எல்லைக்குக் கம்பு நட்டு, உரப்பையைக் கிழித்துக் கொடியாகக் கட்டினோம்.

படலைக்கு வெளியே ஒரு பேரம்

மாசி மாதம். விடிந்து வெயில் ஏறியிருந்தது. செல்வரத்தினம் அண்ணை என் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டார். கையில் சுருட்டிய ஈர வலை. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் தலைக்கயிற்றை முடிந்தது நான். என் காப்பில் வாங்கிய அதே ஒன்றரை அங்குலக் கண்.

"கிழக்கு மூலைக்க கிடந்தது," என்றார். குரலை அவர் அவ்வளவு தாழ்த்தி நான் கேட்டதில்லை. "ஒருத்தரும் காணேல்லை, தங்கச்சி. நான் இதைக் குணத்திட்டைக் குடுத்திட்டுப் போறன். நீங்களும் உந்தச் சட்டத்தை மெல்ல மறந்துவிடுங்கோ. ரெண்டு பேருக்கும் பிரச்சினையில்லை."

அது ஒரு நல்ல பேரம். குணத்தின் மனைவிக்கு எட்டாம் மாதம். வலை போனால் அந்த வீட்டில் என்ன இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனம் ஆடியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வலையோடு சட்டமும் வீட்டுக்குப் போய்விடும், அதற்குப் பிறகு இந்தக் குளத்தில் எவரும் எதையும் எவருக்காகவும் விட்டுவைக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்தது.

"கொட்டிலடிக்குக் கொண்டு வாங்கோ, அண்ணை. எல்லாரையும் வரச்சொல்லுங்கோ. நான் கத்தி எடுத்துக்கொண்டு வாறன்."

மிச்சத்தைத் தொடக்கத்தில் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று. வெட்டி முடித்து எழும்பியபோது குணத்திடம் கேட்டேன், ஏன் போட்டாய் என்று.

"அங்க ஏற்கெனவே ஒரு மிதப்புக் கண்டனான். ஆரோ போட்டிட்டாங்கள் எண்டு நினைச்சன். பிறகேன் நான் மட்டும் விசரன் மாதிரிப் பாத்துக்கொண்டு இருக்கவேணும்?"

செல்வரத்தினம் அண்ணை தன் தோணிக்குப் போய், காலையில் வலையோடு சேர்த்து எடுத்துவந்திருந்த ஒரு பழைய எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதுவோ?" என்று கேட்டார். குணம் தலையாட்டினான். அதன் கீழே வலை இல்லை, கயிறு இல்லை. மாரி வெள்ளத்தோடு எங்கிருந்தோ மிதந்து வந்து பட்ட மரத்தில் தட்டி நின்ற வெறும் கான்.

முப்பது பேரும் அந்தக் கானைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குணம் திரும்பி நடந்தான். அதன் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. பிள்ளை பிறந்ததுக்கும் எனக்கு ஆள் அனுப்பவில்லை. நானாகப் போனேன். நான் முன்வாசலால் உள்ளே போக, அவன் பின்வாசலால் வெளியே போனான். அவன் மனைவி, என் மச்சாள், பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

கிழக்கு மூலையில் மட்டும் அதற்குப் பிறகு ஒரு வலையும் விழவில்லை.

ஆனியில் திறந்தோம்

திறந்த நாளில் ஹனீபா நானா லொறியோடு வந்து குளக்கட்டில் நின்றார். முதல் தோணி கரை தட்டியபோது அவர் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். சாப்பாட்டுத் தட்டில் வைத்தால் வால் வெளியே தொங்கும் மீன்கள். ஒரு பெட்டியில் பதினைந்தே அடுக்க முடிந்தது.

"மாஷா அல்லாஹ்," என்றார். "இது ஓமந்தைக்கு அங்கால மட்டும் இல்ல, கொழும்புக்குப் போனாலும் கெடாது. கிலோவுக்கு ரெண்டு மடங்கு தாறன், தங்கச்சி. சின்னதுகளக் கலக்காதீங்க."

செல்வரத்தினம் அண்ணை ஒரு மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கி, எடை பார்ப்பதுபோல் கையை ஆட்டினார். "தீனி போடேல்லை, என்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவரிடம் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று நான் குளக்கட்டில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

நான் விட்ட பிழை

நிமிர்ந்த நெஞ்சு ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான், நின்றது.

எங்கள் குளத்தில் பெரிய மீன் விழுகிறது என்ற கதை பரவியது. ஒருவரின் மச்சான் வந்தார், அந்த மச்சானின் தம்பி வந்தார், பக்கத்து ஊரிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் தோணியை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் மூன்றரை அங்குலக் கண்தான் போட்டார்கள். சட்டத்தை ஒருவரும் மீறவில்லை. ஆனால் முப்பது தோணி நாற்பத்தைந்தாகிவிட்டது. ஆவணி பிறந்தபோது கிழக்கு மூலையில் ஒரு தோணிக்கு ஐந்து மீன் விழுந்தால் அதிர்ஷ்டம்.

கொட்டிலில் குந்தியிருந்து அதை யோசித்தபோது முகம் சுட்டது. மீனை எப்படி வளர்ப்பது என்று கண்டுபிடித்த நான், வளர்ந்த மீன் ஆட்களை இழுக்கும் என்பதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆறு மாதம் பொறுத்தவர்களின் ஆதாயத்தை, பொறுக்காதவர்களும் சேர்ந்து ஆறு கிழமையில் தின்று தீர்த்துவிட்டார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. கதவைத் திறந்து வைத்தது நான். கண்ணின் அளவும் மாதமும் மட்டும் போதாது, எத்தனை தோணி என்பதற்கும் எல்லை வேண்டும்.

இதைச் சொல்வது லேசு. யாருடைய தோணியைக் கரையேற்றுவது?

ஒரு தோணி, இரண்டு வீடு

அந்தக் கூட்டம் போல் கசந்த கூட்டம் எங்கள் சங்கத்தில் நடக்கவில்லை. வெளியூர்த் தோணிகள் போகவேண்டும் என்பதில் சண்டை பிடித்தாலும் முடிவு வந்தது. அதற்குப் பிறகும் எங்களுடையதே முப்பது. குளம் தாங்குவது பதினைந்து, மிஞ்சினால் பதினாறு. நான் வைத்த யோசனை, இரண்டு வீட்டுக்கு ஒரு தோணி. ஒரு கிழமை ஒரு வீடு, மறு கிழமை மற்ற வீடு.

முதலில் சம்மதிப்பவன் ஏமாளியாகிவிடுவான் என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தார்கள். என் தோணியை நான் முன்வைத்திருக்கலாம். ஆனால் அதில் சோறு தின்பது குணத்தின் வீடு. அவனைக் கேட்காமல், அதுவும் இரண்டாவது தடவை, அவன் கையிலிருந்து ஒன்றைப் பறிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கான்ர தோணியை முதல் எழுதுங்கோ."

குணம். ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் குரலில் அக்கா என்ற சொல்லைக் கேட்டேன்.

"என்னடா, அரைவாசி நாள் சும்மா இருக்கப் போறியோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஏன் சும்மா இருக்கவேணும்? இப்ப நாள் முழுக்கத் தோணியில திரிஞ்சு நாலு மீன் கொண்டுவாறன். பாதித் தோணி குறைஞ்சால் ஒரு கிழமையில அதே மீன் வரும். மற்றக் கிழமை மேசன் வேலைக்குப் போவன். ஊரெல்லாம் வீடு கட்டுறாங்கள்."

நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்ததை அவன் மூன்று வசனத்தில் சொல்லிவிட்டான். எங்கள் தோணியோடு யார் சேருவது என்று கேட்டபோது செல்வரத்தினம் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"என்ர மூண்டில ஒண்டைக் கரையேத்துறன். குணத்தோட நான் சேருறன். வலையைப் பற்றி அவனுக்கு இனி ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை."

அன்றைக்குச் சிரிப்பு வந்தபோது குணமும் சிரித்தான். கூட்டம் முடிய அவன் என் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு வீடுவரை வந்தான். வலையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. பிள்ளைக்குப் பல் முளைக்கிறது என்றான்.

பதினைந்து தோணி. அடுத்த இரண்டு மாரியும் நன்றாகப் பெய்து, குளம் நிரம்பி வான் பாய்ந்தது. யப்பான் மீன் பெருத்தது. விராலும் திரும்பி வந்தது. பிறகு சமாதானம் குலைந்து பாதை பூட்டப்பட்டது. ஹனீபா நானா வவுனியாப் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டார். லொறி வரவில்லை, ஐஸ் வரவில்லை. மற்ற வியாபாரங்கள் எல்லாம் படுத்தன. எங்கள் மீன் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. நீந்துகிற மீனுக்கு ஐஸ் தேவையில்லை. ஊர் தின்ன வேண்டிய அளவு மட்டும் பிடித்தோம், மிச்சம் வளர்ந்தது.

மேற்கிலிருந்து வந்தவர்கள்

சண்டை நெருங்கிய வருடம். மேற்குக் கரையோரத்திலிருந்து சனம் இடம்பெயர்ந்து எங்கள் குளக்கட்டு ஓரமாகத் தறப்பாள் கூடாரங்கள் கட்டியது. ஒரு கிழமையில் எங்கள் ஊரைவிட அந்தத் தறப்பாள்கள் பெரிதாகிவிட்டன. நாங்களும் பிறகு அவர்களோடு நடந்தோம். அது வேறு துயரம். இந்த இடத்தில் அதற்கு வேலை இல்லை.

சங்கம் கூடியது. பேச்சு நீளவில்லை. ஒவ்வொரு தோணியும் கரைக்கு வந்ததும் முதல் கூடை தறப்பாள்களுக்கு என்று முடிவானது. கண்ணின் அளவை மட்டும் மாற்றவில்லை. சின்னக் கண் போட்டால் ஒரே நாளில் எல்லோருக்கும் கூடுதலாகக் கொடுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். "இவையள் ஒரு நாளைக்கே வந்தவை?" என்று கேட்டு அவரை இருத்தினார் செல்வரத்தினம் அண்ணை.

நான் சட்டியில் மீனோடு ஒவ்வொரு தறப்பாளாகப் போனேன். வந்தவர்கள் பலர் கடல் தொழில் செய்த குடும்பங்கள். ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், மீனை வாங்கி மணந்து பார்த்து முகத்தைச் சுழித்தாள்.

"சேத்து மணம் மணக்குது, அக்கா. கடல் மீன் திண்ட வாய்க்கு இது எப்பிடி இறங்கும்?"

"புளியைக் கொஞ்சம் கூடக் கரைச்சு விடுங்கோ," என்றேன்.

மறுநாள் தோணி வர முதலே அவள் சட்டியோடு கரையில் நின்றாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். மூன்றாம் நாள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, மீனை வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள்.

"அக்கா, நாளைக்கும் இருக்குமோ?"

அந்த நாட்களில் அரிசிக்கும் மருந்துக்கும் போகிற பாதைக்கும் இதே கேள்வியைத்தான் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டார்கள். பதில் ஒருவரிடமும் இருக்கவில்லை.

நான் குளத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"இருக்கும்," என்றேன். "வெள்ளெனச் சட்டியைக் கொண்டு வாங்கோ."